வெள்ளம்மா கேட்ட கேள்வி

2012 மார்ச் 2ஆம் தேதி, வெள்ளம்மா மாரிமுத்து என்ற பெண்மணி சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் ஒரு மனுத் தாக்கல் செய்தார். அவர் பகுதிநேரத் துப்புரவு வேலை பார்த்தவர், ஹவ்காங் தனித்தொகுதியில் குடியிருந்தவர். வழக்கு ஏட்டில் எதிர்த்தரப்பு தலைமைச் சட்ட அதிகாரி என்றாலும், கேள்வி பிரதமரை நோக்கியது. தொகுதிக்கு உறுப்பினர் இல்லாமல் போய்விட்டது, இடைத்தேர்தலை உரிய காலத்தில் நடத்தப் பிரதமர் கடமைப்பட்டவரா, அல்லது தாம் நினைத்த நாளில் நடத்திக்கொள்ளலாமா? வெள்ளம்மாவுக்காக வழக்கை நடத்தியவர் வழக்கறிஞர் எம். ரவி.

இந்த வழக்குக்கு வித்திட்டது ஓர் ஆண், பெண் விவகாரம். ஹவ்காங் உறுப்பினர் யாவ் ஷின் லியோங்குக்குத் திருமணத்துக்கு வெளியே உறவு இருந்ததாக அந்த ஆண்டு ஜனவரியில் பேச்சுக் கிளம்பியது. அவர் மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. கட்சி கேட்டபோதும் விளக்கம் தரவில்லை. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி அவரை நீக்கிவிட்டதாகப் பிப்ரவரி 15 அன்று அறிவித்தது. கட்சியை விட்டு நீக்கப்பட்டவரின் நாடாளுமன்ற இடம் தானாகவே காலியாகிவிடும் என்பது சிங்கப்பூர் அரசமைப்பின் 46ஆம் பிரிவு. 1961இல் ஆளும் மக்கள் செயல் கட்சியிலிருந்து 13 சட்டமன்ற உறுப்பினர்கள் பிரிந்துபோய் ஆட்சியே ஆட்டங்கண்ட அனுபவத்துக்குப் பிறகு, 1963இல் நுழைக்கப்பட்ட விதி அது. கட்சித் தாவலைத் தடுக்க வந்த விதி, அரை நூற்றாண்டு கழித்து ஒருவரின் அந்தரங்க வாழ்க்கைக்காகப் பயன்பட்டது.

இப்படிப்பட்ட செய்திகளைத் தமிழ் ஏடுகள் எழுதும்போது 'கள்ளக்காதல்', 'தகாத உறவு' என்ற சொற்கள் கைக்கு எளிதாக வந்துவிடுகின்றன. படுக்கையறைக் கதையில் எனக்கு ஈடுபாடு இல்லை. அதில் காயப்பட்ட மனைவியரும் கணவரும் பிள்ளைகளும் இன்னமும் இதே ஊரில் வாழ்கிறார்கள். என் அக்கறை காலியான இருக்கையைப் பற்றியது. சிங்கப்பூரில் ஓர் அரசியல்வாதியின் ஒழுக்கக் கேடு ஆட்சியை எந்த அளவு பாதிக்கும் என்பது, அவர் செய்த தவற்றின் கனத்தைப் பொறுத்ததாக இல்லை. அவர் உட்கார்ந்திருந்தது ஒருவர் மட்டும் நிற்கும் தனித்தொகுதியிலா, பலர் ஓர் அணியாக நிற்கும் குழுத்தொகுதியிலா என்பதைப் பொறுத்ததாகவே இருந்துவருகிறது.

முதலில், இந்த ஊரில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று பார்க்க வேண்டும். மக்கள் செயல் கட்சியினர் அணியும் வெள்ளைச் சட்டைக்குத் தூய்மை என்று பொருள் சொல்லப்படுகிறது. 1959இல் ஆட்சிக்கு வந்ததும் அவர்கள் தொடங்கிய முதல் இயக்கங்களில் ஒன்று 'மஞ்சள் கலாசார' எதிர்ப்பு. ஆபாச ஏடுகள், பாட்டுப் பெட்டிகள், சூதாட்ட எந்திரங்கள் எல்லாம் ஒடுக்கப்பட்டன. அதே கட்சி 1961இல் மாதர் சாசனத்தைச் சட்டமாக்கியது. முஸ்லிம் அல்லாதோர் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை வைத்துக்கொள்வது அதோடு முடிவுக்கு வந்தது. சீன வணிகக் குடும்பங்களில் இரண்டாம், மூன்றாம் மனைவி என்பது அதுவரை வழக்கமாக இருந்த ஒன்று. 'ஒருவனுக்கு ஒருத்தி' என்பதைத் தேர்தல் வாக்குறுதியாகச் சொல்லி, வென்று, சட்டமாக்கிய கட்சிக்குத் தன் உறுப்பினரின் இன்னோர் உறவைக் 'குடும்ப விஷயம்' என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழக அரசியலில் 'துணைவி' என்ற சொல்லுக்கு ஓர் இடம் உண்டு. வாக்காளர்கள் அதை அறிந்தே வாக்களித்தார்கள். சிங்கப்பூர் அரசியலில் அந்தச் சொல்லுக்கு இடமே வைக்கப்படவில்லை.

பாலத்தைத் தாண்டினால் நிலைமை வேறு. மலேசியச் சுகாதார அமைச்சர் சுவா சோய் லெக், ரகசியமாகப் பிடிக்கப்பட்ட காணொளியில் இருப்பது தாம்தான் என்று ஒப்புக்கொண்டு 2008 ஜனவரியில் எல்லாப் பதவிகளையும் துறந்தார். இரண்டே ஆண்டில், 2010இல், தம் கட்சியான மலேசிய சீனர் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிங்கப்பூரில் அப்படித் திரும்பி வந்தவர் எவரும் இல்லை.

ஹவ்காங்குக்கு வருவோம். இடைத்தேர்தல் நடத்தும் எண்ணம் உண்டு, ஆனால் நாள் முடிவாகவில்லை என்று பிரதமர் லீ சியன் லூங் மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சொன்னார். மே 9 அன்று ஆணை பிறந்தது. மே 26 அன்று வாக்களிப்பு நடந்தது. பாட்டாளிக் கட்சியின் பிங் எங் ஹுவாட் 62.1 விழுக்காடு பெற்று வென்றார். முந்தைய ஆண்டு யாவ் பெற்றது 64.8 விழுக்காடு. கட்சியின் பெயருக்கு நேர்ந்த களங்கத்தின் விலை மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. லோ தியா கியாங் 1991இல் வென்றதிலிருந்து ஹவ்காங் மக்கள் ஒரு நிலைப்பாடு எடுத்திருந்தார்கள். ஒருவரின் நடத்தைக்காக அதை மாற்றிக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை.

உறுப்பினர் வந்துவிட்டார், வழக்கு எதற்கு என்று பலருக்குத் தோன்றியிருக்கும். வெள்ளம்மா விடவில்லை. உயர் நீதிமன்ற நீதிபதி பிலிப் பிள்ளை ஆகஸ்டில் மனுவைத் தள்ளுபடி செய்தார். காலியிடத்தைத் தேர்தல் நடத்தி நிரப்பியே ஆக வேண்டும் என்று அரசமைப்பு கட்டாயப்படுத்தவில்லை என்பது அவர் முடிவு. மேல்முறையீடு சென்றது. 2013 ஜூலை 5 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது. தனித்தொகுதியில் இடம் காலியானால் இடைத்தேர்தல் நடத்துவது பிரதமரின் கடமை, விருப்பம் அல்ல. நியாயமான காலத்துக்குள் அது நடக்க வேண்டும். நாடாளுமன்றத்தையே விரைவில் கலைக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் விலக்கு. ஹவ்காங் இருக்கை அதற்குள் நிரம்பிவிட்டதால் வெள்ளம்மாவின் மேல்முறையீடு தள்ளுபடியானது. அவர் வழக்கில் தோற்றார், கேள்விக்கு விடை கிடைத்தது. இன்று சிங்கப்பூரில் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயரைத் தாங்கிய அந்தத் தீர்ப்பைப் படித்தாக வேண்டும். நம்மவர்களுள் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்று எண்ணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்தத் தீர்ப்பின் மதிப்பு புரிய அதற்கு முந்தைய வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காலியிடத்தை மூன்று மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்ற விதி ஒரு காலத்தில் இங்கே இருந்தது. நாடு தனியான 1965லேயே அது நீக்கப்பட்டது. 1981 அக்டோபரில் ஆன்சன் இடைத்தேர்தலில் யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த ஜே.பி. ஜெயரத்னம் வென்று, ஆளுங்கட்சியின் முழு ஆதிக்கத்தை உடைத்தார். 1986இல் அவர் இடம் பறிபோனபோது ஆன்சனில் இடைத்தேர்தல் நடத்தப்படவில்லை. 1988 பொதுத்தேர்தலில் அந்தத் தொகுதியே இல்லை. 1992 மரின் பரேட் இடைத்தேர்தலுக்குப் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எங்குமே இடைத்தேர்தல் நடக்கவில்லை. மூத்த துணை அமைச்சர் பாலாஜி சதாசிவன் 2010 செப்டம்பரில் காலமானபோது அங் மோ கியோ குழுத்தொகுதியில் அவர் இடம் அப்படியே கிடந்தது. ஹவ்காங் அந்த நீண்ட மௌனத்தை உடைத்தது.

ஹவ்காங் வாக்களித்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. 2012 டிசம்பர் 12 அன்று நாடாளுமன்ற நாயகர் மைக்கல் பால்மர் பதவி விலகினார். மக்கள் கழக ஊழியர் ஒருவருடன் தமக்கு உறவு இருந்ததை அவரே ஒப்புக்கொண்டார். பொங்கோல் ஈஸ்ட் தனித்தொகுதி காலியானது. எதிர்க்கட்சியின் ஒழுங்கீனத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்த ஆளுங்கட்சிக்கு அந்த வாய்ப்பு ஒரே நாளில் போனது. இந்த முறை தாமதமில்லை. 45ஆம் நாள், 2013 ஜனவரி 26 அன்று, வாக்களிப்பு நடந்தது. பாட்டாளிக் கட்சியின் லீ லி லியன் 54.5 விழுக்காடு பெற்றார். ஆளுங்கட்சி வேட்பாளரான அறுவை மருத்துவர் கோ போ கூனுக்கு 43.7. ஜெயரத்னத்தின் மகன் கென்னத் ஜெயரத்னமும் நின்றார். அவருக்கு ஒரு விழுக்காட்டுக்குச் சற்றே மேல். 2011இல் அதே தொகுதியில் பால்மர் பெற்றதும் ஏறத்தாழ அதே 54.5 விழுக்காடுதான். இருபது மாதத்தில் தராசு அப்படியே மறுபக்கம் சாய்ந்தது.

பால்மரின் உறவுக்காகவா மக்கள் மாற்றி வாக்களித்தார்கள்? நான் அப்படி நினைக்கவில்லை. 2011 டிசம்பரில் ரயில்கள் இரண்டு முறை நின்று, பயணிகள் சுரங்கப் பாதையில் நடந்து வந்த நினைவு ஆறவில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்தது. பொங்கோல், இளம் குடும்பங்கள் நிறைந்த புதுநகரம். குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைக்காத தாய்மார், பேருந்து போதாத குடியிருப்புகள், வெளிநாட்டு ஊழியர் எண்ணிக்கை பற்றிய கசப்பு எல்லாம் அங்கே திரண்டிருந்தன. பொதுத்தேர்தலாக இருந்திருந்தால், ஆட்சி கவிழ்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் பலர் அந்தக் கோபத்தை அடக்கிக்கொண்டிருப்பார்கள். இடைத்தேர்தலில் அந்த அச்சத்துக்கு இடமில்லை. வாக்களித்து மூன்றாம் நாள் அரசு வெளியிட்ட மக்கள்தொகை வெள்ளை அறிக்கை, 2030இல் 69 லட்சம் பேர் என்ற கணக்கைச் சொன்னது. அதை எதிர்த்து ஹோங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அந்தக் கோபம் வாக்குப்பெட்டிக்குள் இறங்க வழி திறந்ததுதான் பால்மர் விவகாரம் செய்த வேலை.

2016 இதற்கு மறுசான்று. புக்கிட் பாத்தோக் உறுப்பினர் டேவிட் ஓங் தனிப்பட்ட ஒழுங்கீனத்துக்காக மார்ச் 12 அன்று விலகினார். 56ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் வழக்கறிஞர் முரளி பிள்ளை 61.2 விழுக்காடு பெற்று, சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியின் சீ சூன் ஜுவானை வென்றார். முந்தைய ஆண்டின் 73 விழுக்காட்டிலிருந்து சரிவு இருந்தது. ஆனால் நாட்டில் அப்போது 2012இன் கொதிப்பு இல்லை. சீனர் பெரும்பான்மையாக வாழும் தனித்தொகுதியில் ஓர் இந்தியர் நின்று வெல்ல முடியும் என்பதையும் அந்தத் தேர்தல் காட்டியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் பிற்பகுதியில் தேவைப்படும்.

ஹவ்காங், பொங்கோல் ஈஸ்ட், புக்கிட் பாத்தோக் மூன்றும் தனித்தொகுதிகள். மூன்றிலும் மக்கள் தீர்ப்புச் சொன்னார்கள். ஒன்றில் எதிர்க்கட்சியை மன்னித்தார்கள், ஒன்றில் ஆளுங்கட்சியைத் தண்டித்தார்கள், ஒன்றில் ஆளுங்கட்சியை மன்னித்தார்கள். எந்தத் தீர்ப்பு சரி என்பது எனக்கு முக்கியமில்லை. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அவர்கள் இருந்தார்கள்.

2023 ஜூலை வேறு கதை. ஒன்பது நாளுக்குள் இவ்வளவும் நடந்தன. 11ஆம் தேதி போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரனை லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு கைது செய்தது. 17ஆம் தேதி நாடாளுமன்ற நாயகரும் மரின் பரேட் உறுப்பினருமான டான் சுவான் ஜின்னும் தெம்பனிஸ் உறுப்பினர் செங் லி ஹுயியும் தங்களுக்கிடையே இருந்த உறவுக்காகப் பதவி விலகினார்கள். அதே நாளில் பாட்டாளிக் கட்சியின் லியோன் பெரேராவும் நிக்கோல் சியாவும் உணவகத்தில் கைகோத்து அமர்ந்திருந்த காணொளி பரவியது. 19ஆம் தேதி இருவரும் விலகினார்கள். பெரேரா அல்ஜூனிட் உறுப்பினர். சியா கட்சிப் பொறுப்பாளர், நாடாளுமன்றத்தில் இல்லை.

இதில் பொதுமக்களுக்கு உரிய பகுதி எது? பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளர் பிரித்தம் சிங், முன்பே தாம் கேட்டபோது பெரேரா உறவை மறுத்தார் என்பதைக் குற்றமாக முன்வைத்தார். பிரிட்டனில் 1963இல் போர் அமைச்சர் புரோஃபுமோ வீழ்ந்ததும் உறவுக்காக அல்ல, நாடாளுமன்றத்தில் பொய் சொன்னதற்காக. அது ஒரு தெளிவான அளவுகோல். ஆளுங்கட்சி விஷயத்தில் நெருடல் வேறு இடத்தில் இருக்கிறது. டான், செங் உறவு 2020 நவம்பரிலேயே தமக்குத் தெரிய வந்தது என்று பிரதமர் லீ சொன்னார். அழைத்துப் பேசி அறிவுரை கூறினார். 2023 பிப்ரவரியில் மீண்டும் பேசியபோது டான் விலக முன்வந்தார். தொகுதி மக்களுக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போகலாம் என்று அது தள்ளிவைக்கப்பட்டது. அதன் பிறகும் உறவு தொடர்வது தெரிந்தபோதுதான் இருவரும் உடனே வெளியேறினார்கள். இன்னும் முன்னதாகவே முடித்திருக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 2 அன்று நாடாளுமன்றத்தில் பிரதமரே ஒப்புக்கொண்டார்.

நாயகர் என்பவர் அவையில் யார் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம் என்று முடிவு செய்பவர். இரு தரப்புக்கும் பொதுவானவர். அந்த அவையின் உறுப்பினர் ஒருவருடன் அவருக்கு உறவு இருந்தது. ஆட்சித் தலைவர் அதை அறிந்திருந்தார், அவை அறியவில்லை, வாக்காளர்கள் அறியவில்லை. இரண்டரை ஆண்டுக்கு மேல் இந்த நிலை நீடித்தது. என் கணக்கில் அந்த மறைப்பு, அந்த உறவைவிடப் பெரிய தவறு.

இதற்கு வாக்காளர்கள் என்ன சொன்னார்கள்? அவர்களிடம் கேட்கப்படவில்லை. மரின் பரேட், தெம்பனிஸ், அல்ஜூனிட் மூன்றும் அப்போது ஐவர் அணி நிற்கும் குழுத்தொகுதிகளாக இருந்தன. குழுத்தொகுதியில் அத்தனை உறுப்பினரும் விலகினால் ஒழிய இடைத்தேர்தல் கிடையாது என்று நாடாளுமன்றத் தேர்தல் சட்டம் சொல்கிறது. ஒருவர் போனால் மற்றவர்கள் அவருடைய வட்டாரத்தைப் பங்கிட்டுப் பார்த்துக்கொள்வார்கள். மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி நிற்காது, நகர மன்றம் வழக்கம்போல் நடக்கும். அரசு சொல்லும் இந்த விளக்கம் பொய்யில்லை. ஆனால் கடிதம் எழுதிக் கொடுக்க ஆள் இருப்பதும், தனக்காகப் பேச ஒருவரைத் தானே தேர்ந்தெடுப்பதும் ஒன்றாகிவிடாது.

தமிழர்களாகிய நமக்கு இதில் தனிப் பங்கு உண்டு. 1988இல் குழுத்தொகுதி முறை கொண்டுவரப்பட்டபோது சொல்லப்பட்ட காரணம் சிறுபான்மையினரின் பிரதிநிதித்துவம். ஒவ்வோர் அணியிலும் மலாய்க்காரரோ இந்தியரோ பிற சிறுபான்மை இனத்தவரோ ஒருவராவது இருக்க வேண்டும். நம் பெயரைச் சொல்லித்தான் இந்த முறை நிற்கிறது. அப்படியானால், அந்தச் சிறுபான்மை உறுப்பினரே போய்விட்டால்? 2017இல் ஹலிமா யாக்கோப் அதிபர் தேர்தலுக்காக மார்சிலிங் - இயூ டீயிலிருந்து விலகியபோது எதிர்க்கட்சியைச் சேர்ந்த வோங் சுக் யீ இதே கேள்வியோடு வழக்குத் தொடுத்தார். இடைத்தேர்தல் தேவையில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் முடிவு சொன்னது. 2024 ஜனவரியில் ஈஸ்வரன் வெஸ்ட் கோஸ்ட் தொகுதியிலிருந்து விலகினார். எஞ்சிய நால்வரும் சீனர்கள். அடுத்த பொதுத்தேர்தல் வரை அப்படியே இருந்தது. தேர்தலில் நிற்க ஒரு சிறுபான்மையினர் கட்டாயம், அவர் போன பிறகு கட்டாயமில்லை.

சிராங்கூன் சாலையில் தேக்கா சந்தையிலிருந்து வீரமாகாளியம்மன் கோயில் பக்கம் நடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். லிட்டில் இந்தியா அமைந்திருப்பது ஜாலான் புசார் குழுத்தொகுதியில். நாளை அங்கே ஓர் உறுப்பினர் ஒழுக்கக் கேட்டாலோ ஊழலாலோ விலகினால், இங்கே குடியிருக்கும் வாக்காளர் வெள்ளம்மாவின் தீர்ப்பைக் காட்டி நீதிமன்றம் போக முடியாது. வெள்ளம்மா பெற்றுத்தந்த உரிமை தனித்தொகுதிக்காரருக்கு மட்டும். 2020 பொதுத்தேர்தலில் மொத்தம் 93 இடங்களில் 79 குழுத்தொகுதிக்குள் இருந்தன. அந்த நாடாளுமன்றக் காலத்தில் ஆறு இடங்கள் காலியாகின. ஆறும் குழுத்தொகுதி இடங்கள். ஒன்றுக்குக்கூட இடைத்தேர்தல் இல்லை.

ஆகவே 2023இன் அவமானம் ஆட்சியை அசைக்கவில்லை என்று சொல்பவர்கள் எண்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காடு பெற்று அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2025 மே 3 பொதுத்தேர்தலில், புதிய பிரதமர் லாரன்ஸ் வோங் தலைமையில் மக்கள் செயல் கட்சி 65.57 விழுக்காடு பெற்றது. 2020இல் பெற்ற 61.24ஐ விட அதிகம். பெரேரா விலகிய அல்ஜூனிட்டில் பாட்டாளிக் கட்சி 59.95இலிருந்து 59.68க்கு வந்தது, அசையவே இல்லை என்று சொல்லலாம். தெம்பனிஸில் மட்டும் ஆளுங்கட்சி 66.41இலிருந்து 52.02க்குச் சரிந்தது. ஆனால் அங்கே பாட்டாளிக் கட்சி வலுவான அணியுடன் புதிதாக இறங்கியிருந்தது. செங் லி ஹுயியின் விலகலுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. டானும் செங்கும் விலகியதற்கும் இந்தப் பொதுத்தேர்தலுக்கும் இடையே 656 நாள். அதற்குள் பிரதமர் மாறிவிட்டார். அமெரிக்க வரிவிதிப்பு உலகையே கலக்கிக்கொண்டிருந்தது. 45ஆம் நாள் கேட்கப்படும் கேள்விக்கும் 656ஆம் நாள் கேட்கப்படும் கேள்விக்கும் ஒரே விடை வராது. அசையவில்லை என்பதைவிட, அசைக்கும் வாய்ப்பு தரப்படவில்லை என்பதே பொருத்தம்.

காலியிடத்தை மூன்று மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்ற பழைய விதியை மீண்டும் எழுதலாம். குழுத்தொகுதியில் காலியான ஓர் இடத்துக்கு மட்டும், அந்த இடத்தின் இன ஒதுக்கீட்டோடு, தேர்தல் நடத்தலாம். செலவாகும், ஆளுங்கட்சிக்குச் சில இடங்கள் போகவும்கூடும். புக்கிட் பாத்தோக்கில் முரளி பிள்ளை வென்றது, சிறுபான்மை வேட்பாளர் தனியே நின்றால் தோற்பார் என்ற அச்சத்துக்குப் பதிலாக நம் கையில் இருக்கிறது.

டான் சுவான் ஜின் பார்த்துக்கொண்ட வட்டாரத்தின் கெம்பாங்கான் பகுதி, 2025இல் மரின் பரேட் - பிராடல் ஹைட்ஸ் என்ற புதிய குழுத்தொகுதிக்குள் போனது. ஏப்ரல் 23, வேட்புமனுத் தாக்கல் நாளன்று அங்கே எதிர்த்து நிற்க எந்தக் கட்சியும் வரவில்லை. போட்டியின்றி மக்கள் செயல் கட்சி வென்றதாக அறிவிக்கப்பட்டது. கெம்பாங்கான் வாக்காளர்களுக்கு மே 3 அன்றும் வாக்குச்சீட்டு கிடைக்கவில்லை.